ஸ்போர்ட்ஸ் பைக்கில் மணிக்கட்டு வலி, விரல் மரத்துப்போகிறது – உதவி தேவை

தாம்பரம்_ரைடர்:
புது வண்டி. இதற்கு முன் ஸ்ப்ளெண்டர்தான் ஓட்டினேன். ஆஃபீஸ் போய் இறங்கினால் மணிக்கட்டில் பயங்கர வலி, விரல் மரத்துப்போகிறது. ஹேண்டில்பாரைக் கொஞ்சம் உயர்த்தும் ரைசர் போடலாமா? நாளைக்குக் கடைக்குப் போகிறேன், சீக்கிரம் சொல்லுங்கள்.

கியர்மணி:
என்ன வண்டி ப்ரோ? உங்கள் உயரம்? எவ்வளவு தூரம், டிராஃபிக்கா ஹைவேயா? எந்த விரல் மரத்துப்போகிறது? முதுகில் பை மாட்டுவீர்களா?

ஒத்தையடி:
ரைசரே போடுங்கள். கொஞ்சம் ஏறினாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

ட்ராக்_நாள்:
இதே கேள்விக்கு எத்தனை முறை பதில் எழுதுவது? தேடிப் பார்க்கும் பழக்கமே யாருக்கும் இல்லை. கிளிப்-ஆன் (ஸ்போர்ட்ஸ் பைக்கின் தாழ்வான ஹேண்டில்பார்) வண்டியைத் திருப்பத்தான் தம்பி, உடம்பைத் தாங்க இல்லை. தொடையால் டேங்கை இறுக்கிப் பிடி, வயிற்றுத் தசையில் உடம்பை நிறுத்து, முழங்கையை மடக்கி வை. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில் ஒரு நாள் பயிற்சி எடு, புரியும்.

மழைக்கோட்டு:
ட்ராக்கில் சரி அண்ணா. வேகமாகப் போனால் எதிர்க்காற்று நெஞ்சைத் தாங்கும், கையில் பாரம் குறையும். ஊருக்குள் முப்பது, நாற்பதில் அந்தக் காற்று ஏது? பிரேக் பிடிக்கும்போதெல்லாம் எடை உள்ளங்கையில் இறங்கும்.

தாம்பரம்_ரைடர், முதலில் செலவில்லாத வேலை: பிரேக், கிளட்ச் லீவர்களின் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, விரலை நீட்டினால் முன்னங்கையும் மணிக்கட்டும் விரலும் ஒரே கோட்டில் வரும்படி லீவரைக் கீழே சாய்த்து வையுங்கள்.

தாம்பரம்_ரைடர்:
யமஹா ஆர்15 வி4. அஞ்சரை அடி. வண்டலூர்–கேளம்பாக்கம் ரோடு வழியாக சிறுசேரி. சுண்டுவிரலும் மோதிரவிரலும்.

கியர்மணி:
அந்த இரண்டு விரல் என்றால் அல்நார் நரம்பு. உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கம் அழுந்துகிறது. பிடியைத் தளர்த்துங்கள். சீட் உயரம் 815 மிமீ, சிக்னலில் கால் ஊன்ற முன்னே நகர்ந்து அப்படியே ஓட்டுகிறீர்களோ? கிளம்பியதும் டேங்குக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு கைமுஷ்டி இடம் விட்டுப் பின்னால் உட்காருங்கள். பை?

ட்ராக்_நாள்:
ரைசர் போட்டால் முழுசாகத் திருப்பும்போது ஃபேரிங்கில் (முன்பக்க உறையில்) இடிக்கலாம், பிரேக் ஹோஸ் இழுபடலாம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ம் இருக்கிறது.

ஒத்தையடி:
பிரிவு 52 பதிவுச் சான்றிதழ் விவரத்துக்கு மாறாக மாற்றுவதைப் பற்றியது. ஹேண்டில்பார் உயரம் ஆர்சியில் எங்கே இருக்கிறது?

ட்ராக்_நாள்:
வண்டியை மாற்றுவது பற்றிய 2019 உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் படித்துவிட்டு வா.

ஒத்தையடி:
படித்துவிட்டுத்தான் சொல்கிறேன். சின்ன மாற்றம் எல்லாம் அதில் அடங்காது.

மழைக்கோட்டு:
சட்டத்தைத் தனி இழையில் பேசுங்களேன். கேட்டவருக்குக் கை வலிக்கிறது.

தாம்பரம்_ரைடர்:
லீவரை இறக்கினேன். லேப்டாப், சார்ஜர், சாப்பாடு எல்லாம் முதுகுப் பையில்தான் இருந்தது, இப்போது பின்சீட்டில் கட்டும் டெயில் பேக்குக்கு மாற்றிவிட்டேன். மரத்துப்போவது நின்றுவிட்டது. ரைசர் வாங்கவில்லை. கழுத்து மட்டும் வலிக்கிறது. நன்றி.

கியர்மணி:
நல்லது. மறுபடி மரத்துப்போனால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். கழுத்துக்கு: ஹெல்மெட் எடை எவ்வளவு?