அப்டேட்: கீட்டார் வாங்கியாச்சு

கீட்டார் (தோளில் மாட்டி வாசிக்கும் கீபோர்டு) வாங்க, ரோலண்ட் ஏஎக்ஸ்-எட்ஜ் வாங்கலாமா, யமஹா எஸ்எச்எஸ்-500 போதுமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. ரோலண்டையே வாங்கிவிட்டேன்.

யமஹா ஒன்றரைக் கிலோ சொச்சம்தான், தோளுக்குச் சுகம். ஆனால் அதன் 37 கட்டைகளும் குட்டி சைஸ், என் விரலுக்குச் சரிவராது. ரோலண்டில் முழு அளவில் 49 கட்டை, எடை 4.2 கிலோ. அதனால் வார் அகலமாக இருக்கணும், மெல்லியது தோளை அறுக்கும். ரீசார்ஜ் ஆகும் டபுள் ஏ பேட்டரி எட்டு வேணும். சென்னை ரிச்சி தெருவில் வாங்கிக்கொண்டேன்.

"கமகம் (சுரத்தை அசைத்து வாசிப்பது) வருமா?" என்று ஒரு அண்ணா கேட்டிருந்தார். வருது அண்ணா! வலது கை கட்டையை அழுத்திப் பிடித்திருக்க, கழுத்துப் பகுதியில் இருக்கும் ரிப்பனில் (விரலை உணரும் நீளமான பட்டை) இடது கை விரலை நகர்த்தினால் சுருதி வளைகிறது. தோடி ராகத்தின் காந்தாரச் சுரத்தை வெறும் கட்டையில் வாசித்தால் உயிரே இருக்காது. ரிப்பனில் ஆட்டினால், வீணையில் தந்தியை இழுத்த மாதிரி அசைந்து நிற்கிறது. பெண்ட் வரம்பை, அதாவது சுருதி எவ்வளவு வளையலாம் என்பதை, இரண்டு அரைச்சுரத்துக்குள் (கறுப்பு, வெள்ளை எல்லாம் சேர்த்து இரண்டு கட்டை தூரம்) வைத்திருக்கிறேன். அதற்கு மேல் போனால் விரல் லேசாக நகர்ந்தாலே சுரம் தப்பிவிடும். ஸவும் பவும் அசையாச் சுரங்கள், அங்கே ரிப்பனைத் தொடவே தொடாதீர்கள்.

நம்ம ஊர் வியர்வையில் விரல் ரிப்பனில் ஒட்டுகிறது. வாசிக்கும் முன் ரிப்பனையும் கையையும் ஒரு தடவை துடைத்துக்கொள்ளுங்கள். அடுத்து காம்போதி ராகம் பழகப் போகிறேன். பழகியவர்கள் இருந்தால் எந்த டோன் எடுபடும் என்று சொல்லுங்கள்.