மாசி கடந்து மரங்கள் துளிர்த்தபோது நாங்கள் கண்டவை

மேலூரிலிருந்து:

இலுப்பைப் பூ உதிர்வதைப் பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். எனக்கு அது நெஞ்சிலேயே நிற்கிறது. மாசிக் கடைசியில் எங்கள் ஊர்க் கோயில் காட்டுக்கு விடியுமுன் போயிருந்தேன். காற்று அசையவில்லை; ஆனாலும் சருகின்மேல் ஏதோ சொட்டுகிற ஓசை விட்டுவிட்டுக் கேட்டது. டார்ச் அடித்துப் பார்த்தபோது, வெளிறிய மஞ்சளில், சதைப்பற்றோடு, உள்ளே கூடாக இருந்த பூக்கள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. ஒன்றை வாயில் போட்டேன். இனிப்பு முதலில் வந்தது, இலேசான காறல் பின்னால் வந்தது. மேலே பழந்தின்னி வௌவால்கள் கிளைக்குக் கிளை மாறிக்கொண்டிருந்தன. வெளிச்சம் வந்ததும் பூங்கொத்துகளுக்கு மேலே செம்பு நிறக் கொழுந்துகள் தெரிந்தன. மார்கழிக்குப் பிறகு ஒரு தூறல்கூட விழாமல் கண்மாய் வெடித்துக் கிடக்கையில், இந்த மரம் இத்தனை ஈரத்தை எங்கிருந்து எடுக்கிறது?

வத்தலக்குண்டிலிருந்து:

கொடைக்கானலிலிருந்து பேருந்தில் இறங்கிய ஒரு பிப்ரவரி நாளைச் சொல்கிறேன். மேலே புல்லில் உறைபனி படிந்திருந்தது. இலையே இல்லாத பிளம்ஸ் கிளைகள் முழுக்க வெள்ளைப் பூ. பக்கத்து இருக்கைப் பெண்மணி அதில் ஒரு கிளையை மடியில் வைத்திருந்தார். பாதி வழியில், காபித் தோட்டங்களில் மிளகுக் கொடி படர நட்ட முருக்க மரங்கள் சிவந்து நின்றன. அடிவாரத்துக்கு வந்தபோது அனல் அடித்தது; அந்தக் கிளையில் ஓர் இதழ்கூட மிஞ்சவில்லை, எல்லாம் அவருடைய சேலையில் உதிர்ந்து வாடிக் கிடந்தன. அதே நேரத்தில் சன்னலுக்கு வெளியே மொட்டைப் பாறைக் குன்றில் கோங்கு மரம் மஞ்சளாகப் பூத்திருந்தது. கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரிக்குமேல் குளிர்கிறது என்று கொண்டால், அந்தப் பூ சில மணி நேரத்தில் பன்னிரண்டு டிகிரி வேறுபாட்டைக் கடந்திருக்கிறது.

திருநகரிலிருந்து:

வத்தலக்குண்டு நண்பர் எழுதியது அழகாக இருக்கிறது. ஆனால் இரண்டு வேறு நிகழ்வுகளை ஒன்றாகப் பார்க்கக் கூடாது என்பதை வலியுறுத்த விரும்புகிறேன். பிளம்ஸ் மரத்துக்குப் போதுமான குளிர் கிடைத்து, அதன் பிறகு வெயில் ஏறினால்தான் மொட்டு அவிழும். நம் சமவெளி மரங்கள் குளிருக்காக இலை உதிர்ப்பதில்லை, வறட்சிக்காக உதிர்க்கின்றன. துளிர்ப்பதும் இதமான நாட்களை நோக்கி அன்று, கத்திரி வெயிலை நோக்கியே. எங்கள் தெருவில் இரண்டு அரச மரங்கள் நிற்கின்றன. ஆழ்துளைக் கிணற்றை ஒட்டிய மரம் கரும்பச்சையாக இருந்தபோதே, தெருக்கோடி மரம் முழுவதும் உதிர்ந்து, புதிதாகத் துளிர்த்து, வால் நீண்ட இளஞ்சிவப்பு இலைகளின் ஊடே வெயிலை விட்டுக்கொண்டிருந்தது. ஒரே தெரு, ஒரே வானிலை. வேரடி ஈரத்தைக் கணக்கில் எடுக்காமல் பருவத்தைப் பற்றிப் பேசுவது பொருந்தாது.

திருமங்கலத்திலிருந்து:

திருநகர் ஐயா சொல்லும் வேறுபாட்டை ஏற்கிறேன். ஆனால் அந்த வேறுபாட்டை நிறுவ நம்மிடம் குறிப்புகள் இல்லையே என்பதுதான் என் ஆதங்கம். வேலைக்காக டோக்கியோவில் இருந்தபோது, யாசுகுனி ஆலய வளாகத்தில் ஒரே ஒரு செர்ரி மரத்தைச் சுற்றிப் பெருங்கூட்டம் நின்றது. வானிலைத் துறை அலுவலர் அண்ணாந்து, கிளை கிளையாகப் பூக்களை எண்ணினார். ஐந்தாறு பூ விரிந்திருந்தால்தான் நகரத்தில் பூக்காலம் தொடங்கியதாக அறிவிப்பார்கள். அவர் அறிவித்ததும் கூட்டம் கைதட்டியது; அந்தக் கைதட்டல் இன்னும் காதில் இருக்கிறது. கியோத்தோவில் ஒன்பதாம் நூற்றாண்டு முதல் செர்ரி பூத்த நாட்களுக்குக் குறிப்புகள் கிடைக்கின்றன. 2021இல் மார்ச் 26 அன்று அது உச்சத்தை அடைந்தபோது, 1,200 ஆண்டுகளில் இதுவே முந்தியது என்று அவர்களால் சொல்ல முடிந்தது. திருப்பரங்குன்றத்துப் புங்கம் போன ஆண்டு எந்த நாளில் துளிர்த்தது என்று நம்மில் எவரால் சொல்ல முடியும்?

உசிலம்பட்டியிலிருந்து:

பங்குனியில் அம்மா பழைய வேட்டியை வேப்ப மரத்தடியில் விரித்து, உதிர்கிற பூவை வருடப்பிறப்புப் பச்சடிக்குச் சேர்ப்பார். இந்த முறை வேட்டியில் பூவைவிடக் காய்ந்த குச்சிகளே அதிகம் கிடந்தன. அதைக் கண்டு அவர் முகம் வாடியது.

மேலூர் அண்ணன் கேட்டதற்கு வருகிறேன். ஆழத்து வேர் நிலத்தடி நீரை எட்டும் என்பது ஒரு காரணம். முற்றிய இலைகள் உதிர்ந்ததும், அவற்றின் வழியே ஆவியாகிக்கொண்டிருந்த நீர் மரத்திலேயே தங்கிக் கிளைகளில் ஈரம் ஏறுகிறது என்பது மற்றொன்று. பகற்பொழுது நீள்வதும் சேர்ந்துகொள்ள, மழை இல்லாமலே மொட்டு உடைகிறது. இளங்கொழுந்தின் சிவப்பு ஆந்தோசயனின் என்ற நிறமியால் வருவது. பச்சையம் நிறைந்ததும் மறைந்துவிடும்.

வேம்பு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இயல்பான உதிர்வில் இலை மஞ்சளாகிக் கழன்று விழும். குச்சி உயிரோடு இருக்கும். கிளை நுனியிலிருந்து பழுப்பேறி, இலைகள் கழலாமல் கருகித் தொங்கினால் அது நுனிக்கருகல் நோயாக இருக்கலாம். அந்தக் குச்சிகளைப் பச்சைப் பகுதி வரை வெட்டி, தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் அழித்துவிடுங்கள். சருகுகளை மரத்தடியிலேயே கொளுத்தாதீர்கள், பட்டையும் மேல்வேரும் வெந்துபோகும். குறிப்பு எழுத விரும்புவோர் ஒரே மரத்தைத் தேர்ந்து, வாரம் ஒரு முறை கொழுந்து, முற்றிய இலை, மொட்டு, பூ, காய் ஆகியவை இல்லையா, கொஞ்சமா, நிறையவா என்று மட்டும் பதியுங்கள். சீசன்வாட்ச் என்ற திட்டம் நாடு முழுவதும் இப்படித்தான் பொதுமக்களிடம் தகவல் சேர்க்கிறது; கேரளத்தில் பள்ளிப் பிள்ளைகள்கூட எழுதுகிறார்கள். மரத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் ஒப்பிட முடியாது. மழை பெய்த நாளையும், மரத்துக்கு நீங்களே தண்ணீர் விட்டால் அதையும் அருகில் எழுதுங்கள்.

மேலூரிலிருந்து மீண்டும்:

விளக்கத்துக்கு நன்றி, தம்பி. அந்த இலுப்பையையே தேர்ந்துகொள்கிறேன். திருநகர் ஐயா, உங்கள் தெருவின் இரண்டு அரச மரங்களும் எந்தெந்தத் தேதியில் உதிர்ந்தன, எப்போது துளிர்த்தன என்று எழுதினால், எங்கள் கண்மாய்க் கரை அரச மரங்களோடு வைத்துப் பார்ப்பேன். இங்கே கரையின் உட்புறம் ஒன்றும் வெளிப்புறம் ஒன்றும் நிற்கின்றன.