தக்காளியின் அடிப்பகுதி கறுத்துப்போகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. மதுரையில் வீட்டுக்குப் பின்னால் செங்கல் அடுக்கி, ஒன்றரை அடி உயரத்தில் மேட்டுப்பாத்தி போட்டிருக்கிறேன். செம்மண், மண்புழு உரம், தென்னை நார்க்கழிவு கலந்த மண். கத்தரியும் வெண்டையும் அருமையாக வருகின்றன. தக்காளிதான் மனதை வாட்டுகிறது. செடி பச்சைப்பசேலென்று நிற்கிறது, ஆனால் காய் பருக்கும்போது காம்புக்கு எதிர்ப்பக்கம் கறுத்து, தோல்போல் காய்ந்து குழிவிழுகிறது. வெட்டிப் பார்த்தால் புழு இல்லை.

மண் காய்ந்தும் நனைந்தும் மாறினால் கால்சியம் காய்க்குப் போய்ச் சேராது, அதனால் வருவது இது. இந்த வெயிலில் பாத்தி மதியத்துக்குள் காய்ந்துவிடுகிறது. கால்சியத்துக்காக முட்டை ஓட்டுத் தூள் போட்டாலும், அது கரைய மாதக்கணக்கில் ஆகும். அதுவரை வைக்கோல் மூடாக்கு போதுமா, சொட்டுநீர் போட்டே ஆகவேண்டுமா? சுண்ணாம்புத் தெளிநீர் ஊற்றிப் பார்த்தவர்கள் அளவைச் சொல்லுங்கள். இருக்கிற பிஞ்சுகளையாவது காப்பாற்ற வேண்டும்.