கசடு படியவில்லை: நுண்ணுயிர்களைக் கண்டறிய எந்த முறை உகந்தது?

வினா:
எங்கள் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் கசடுப் பருமக் குறியீடு (கூடினால் கசடு சரியாகப் படியவில்லை என்று பொருள்) கிராமுக்கு 150 மில்லிலிட்டரைத் தாண்டிவிட்டது. காற்றூட்டத் தொட்டியின் மேல் பழுப்பு நுரையும் திரள்கிறது. வெளியேறும் நீரில் அம்மோனியாவும் கூடியிருக்கிறது. பாக்டீரியாக்களை இனங்காண உதவும் 16எஸ் ஆர்ஆர்என்ஏ மரபணு வரிசைப்படுத்தலுக்கு மாதிரி அனுப்பினால் எல்லாம் தெரிந்துவிடும் என்கிறார்கள். அது ஒன்றே போதுமா?

மறுமொழி 1:
அந்தச் சோதனை எந்தெந்த நுண்ணுயிர்கள் இருக்கின்றன என்பதை நன்றாகவே காட்டும். எவ்வளவு இருக்கின்றன என்பதைக் காட்டாது. ஓர் இனத்தின் பங்கு 10 விழுக்காட்டிலிருந்து 20 ஆக உயர்ந்தால், அது பெருகியிருக்கலாம், அல்லது மற்றவை குறைந்திருக்கலாம். மேலும், ஒரு செல்லில் இந்த மரபணு ஒரே படியாகவும் இருக்கும், பத்துக்கு மேற்பட்ட படிகளாகவும் இருக்கும் என்பதால், வாசிப்புகளின் (வரிசைப்படுத்தலில் படிக்கப்பட்ட டி.என்.ஏ துண்டுகளின்) எண்ணிக்கையைச் செல்களின் எண்ணிக்கையாகக் கொள்ளக் கூடாது.

நுரையும் மோசமான படிதலும் சேர்ந்து வரும்போது, முதலில் ஒரு துளிக் கசடைக் கிராம் சாயமேற்றி (செல்சுவரைப் பொறுத்துப் பாக்டீரியாக்களைக் கிராம்-பாசிட்டிவ், கிராம்-நெகட்டிவ் என்று பிரித்துக்காட்டும் முறை) நுண்ணோக்கியில் பாருங்கள். கிளைவிடாமல் சுருண்டு கிடக்கும் கிராம்-பாசிட்டிவ் இழைகள் தென்பட்டால் மைக்ரோத்ரிக்ஸ் என்னும் பாக்டீரியா என்று ஐயுறலாம். அது கொழுப்பை விரும்புவது, குளிர்ந்த நீரில் பெருகுவது. கிளைவிட்ட குட்டை இழைகள் என்றால் கோர்டோனியா போன்றவையாக இருக்கலாம். ஒளிரும் டி.என்.ஏ துருவிகளைச் செல்லுக்குள் செலுத்தும் ஃபிஷ் முறை இந்த ஐயத்தை உறுதிப்படுத்துவதோடு, இழைகள் கசடுத் திரளுக்குள் அடங்கியிருக்கின்றனவா, வெளியே நீட்டித் திரள்களைப் பாலம்போல் இணைக்கின்றனவா என்பதையும் கண்முன் காட்டும். படிதலைக் கெடுப்பது இழைகள் இப்படி நீட்டிக்கொண்டிருப்பதுதான். வரிசைப்படுத்தலில் அது தெரியாது.

மறுமொழி 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனாலும் வரிசைப்படுத்தலைக் கைவிட வேண்டாம், டி.என்.ஏ-வைப் பிரித்தெடுக்கும் முறையை மட்டும் கேட்டறியுங்கள். கிராம்-பாசிட்டிவ் செல்களின் சுவர் தடித்தது. நுண்மணிகளுடன் போதுமான வேகத்திலும் நேரத்திலும் குலுக்கி உடைக்காவிட்டால், நீங்கள் தேடும் இழைகளே முடிவில் குறைவாகத் தோன்றும். எந்தப் பிரைமர் (மரபணுவைப் படியெடுக்கத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ துண்டு) பயன்படுத்தப்பட்டது என்பதும் முக்கியம், ஏனெனில் ஒவ்வொன்றும் சில குழுக்களைத் தவறவிடும். இரண்டு ஆய்வகங்களின் முடிவுகளை அருகருகே வைத்து ஒப்பிடுவது பெரும்பாலும் வீண்வேலை. பெயரிடுவதற்கு, டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகம் கழிவுநீர் நுண்ணுயிர்களுக்கென உருவாக்கிய மைடாஸ் தரவுத்தளம் பொதுவான தரவுத்தளங்களைவிட உதவும்.

இன்னொன்று: இழைகளைக் கட்டுப்படுத்தக் குளோரின் சேர்த்திருக்கிறீர்களா? இறந்த செல்களின் டி.என்.ஏ-வும் வரிசைப்படுத்தலில் வந்துவிடும். ஆகவே குளோரின் பயன் தந்த பின்னும் ‘இழைகள் அப்படியே உள்ளன’ என்று முடிவு வரக்கூடும்.

மறுமொழி 3:
அம்மோனியாவைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. அதற்கு, அம்மோனியாவை மாற்றும் நொதிக்கான அமோஏ மரபணுவை அளவறி பிசிஆர் (டி.என்.ஏ-வைப் படியெடுத்து அளவிடும் முறை) மூலம் எண்ணுவதே பொருத்தம். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் நைட்ராக்கம் செய்பவை கசடில் சிறுபான்மை, மெதுவாக வளர்பவை. 16எஸ் பட்டியலில் நைட்ரோஸ்பைரா என்று கண்டால் அது நைட்ரைட்டை மட்டும் மாற்றுவது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை தனியாகவே செய்து முடிக்கும் நைட்ரோஸ்பைராக்களும் உண்டென்று 2015-இல் தெரியவந்தது. 16எஸ் மரபணுவைக் கொண்டு இவற்றைப் பிரித்தறிய முடியாது. கசடின் வயதையும் (கசடு சராசரியாக எத்தனை நாள் அமைப்பில் தங்குகிறது என்பது) கரைந்த ஆக்சிஜனையும் அதற்கு முன்பே சரிபார்த்துவிடுங்கள். பல சமயம் காரணம் அங்கேயே அகப்பட்டுவிடும்.

வினாவியவர்:
மிக்க நன்றி. குளோரின் சேர்த்து வருகிறோம். ஒரே மாதிரியை ஃபிஷ் முறைக்கும் வரிசைப்படுத்தலுக்கும் பயன்படுத்தலாமா?

மறுமொழி 1:
எடுத்தவுடன் பிரித்துவிடுங்கள். வரிசைப்படுத்தலுக்கான பகுதியை உடனே உறையவைக்க வேண்டும். ஃபிஷ் முறைக்கான பகுதியில் பாதியை எத்தனாலிலும் பாதியை 4 விழுக்காடு பாராஃபார்மால்டிஹைடிலும் நிலைப்படுத்துங்கள். முன்னது கிராம்-பாசிட்டிவ் செல்களுக்கு, பின்னது கிராம்-நெகட்டிவ் செல்களுக்கு. குளோரின் சேர்ப்பதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு தொகுப்பு எடுத்தால் ஒப்பிட வசதியாக இருக்கும்.