படைத்த வார்த்தையேதான் தீர்ப்பும் சொல்லுமா?

உப்புவெளி வாசகி:
சென்ற வாரம் வீட்டு ஜெபத்தில் பேதுருவின் இரண்டாம் நிருபம் மூன்றாம் அதிகாரத்தை வாசித்தோம். தேவனுடைய வார்த்தையினால் வானமும் பூமியும் உண்டாயின, பழைய உலகம் ஜலப்பிரளயத்தில் அழிந்தது, இப்போதுள்ள உலகம் அதே வார்த்தையினால் நியாயத்தீர்ப்பு நாள் வரை அக்கினிக்கென்று வைக்கப்பட்டிருக்கிறது என்று அங்கே வருகிறது. அந்த இடத்தில் என் மாமியார் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டார். 2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை அவருடைய தம்பியைக் கடல் கொண்டுபோனது. "அப்ப அவன் தீர்ப்பு அடைஞ்சுதான் போனவனோ?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. படைத்த வார்த்தையே அழிக்கவும் செய்கிறதென்றால் அதை எப்படி விளங்கிக்கொள்வது?

திருமலை மறைக்கல்வி ஆசிரியர்:
முதலில் அந்தத் தாய்க்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்: இல்லை. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்தபோது, அவர்கள் எருசலேமின் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ என்று கேட்டு, அப்படியல்ல என்று இயேசுவே மறுத்தார் (லூக்கா 13). பெருவெள்ளத்தின் பின் கடவுள் நோவாவோடு செய்த உடன்படிக்கையும், பூமியை அழிக்க இனி வெள்ளம் வராது என்றே சொல்கிறது.

அடுத்து வார்த்தையைப் பற்றி. ஆதியாகமம் முதல் அதிகாரத்தை மெதுவாக வாசித்துப் பாருங்கள். ஒளி உண்டாகக்கடவது என்றதும் ஒளி உண்டாகிறது. உடனே ஒளி இருளிலிருந்து பிரிக்கப்படுகிறது, பின்பு மேலேயுள்ள நீர் கீழேயுள்ள நீரிலிருந்தும், தரை கடலிலிருந்தும் பிரிகின்றன. படைக்கும் வார்த்தை தொடக்கத்திலிருந்தே வேறுபிரித்து ஒழுங்குபடுத்தும் வார்த்தையாக இருப்பதால், தீர்ப்பு என்பது படைப்புக்குப் பின்னர் ஒட்டவைத்த கோபம் அல்ல. நம் பாட்டன்மார் விசுவாசப் பிரமாணத்தில் "சீவியரையும் மரித்தவரையும் நடுத்தீர்க்க", அதாவது நியாயந்தீர்க்க, என்று சொன்னார்கள். அழிக்க என்று சொல்லவில்லை. யோவான் நற்செய்தியில் அந்த வார்த்தை இயேசுவாக மாம்சமாகிறது, தீர்ப்பு முழுவதும் அவரிடமே ஒப்படைக்கப்படுகிறது (யோவான் 5:22). நம்மை நடுத்தீர்ப்பவர் நமக்காகச் சிலுவையில் இறந்தவர் என்பதை விட்டுவிட்டு பேதுருவின் அந்த வசனங்களை வாசிக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

கரைவலைக்காரன் மகன்:
மத்தேயு 13இல் பரலோக இராச்சியம் வலைக்கு ஒப்பிடப்படுகிறது. கடலில் வளைத்துப் போட்டுக் கரையிலிருந்து இழுக்கும் கரைவலையை இழுத்தவர்களுக்கு அது சட்டென்று விளங்கும். வலை கடலுக்குள் இருக்கும்வரை சூடை போன்ற நல்ல மீனும் பேத்தை போன்ற ஆகாத மீனும் ஒன்றாகவே வரும். மீன் சேரும் வலைமடி மணலில் ஏறிய பிறகுதான் ஆட்கள் உட்கார்ந்து கையால் தெரிந்து, நல்லதைக் கூடையில் போட்டு, ஆகாததை எறிவார்கள். தெரிவு கரையில்தான் நடக்கும். அலை யாரையும் தெரிந்தெடுப்பதில்லை. அந்த ஞாயிறு கடல் செய்தது தீர்ப்பல்ல என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

நிலாவெளி:
மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஆயினும் தீர்ப்பைப் பற்றிய பேச்சை நாம் மென்மையாக்கி விடக் கூடாது. எந்த நீதிமன்றமும் கேட்காத கண்ணீர் நம் மாவட்டத்தில் நிறைய உண்டு. அப்படிக் கண்ணீர் விடும் தாய்மாருக்கு, ஒருவர் வந்து விசாரிப்பார் என்பது பயமுறுத்தல் அல்ல, நம்பிக்கை. 96ஆம் சங்கீதத்தில் கர்த்தர் பூமியை நியாயந்தீர்க்க வருகிறார் என்பதற்காகவே வானங்கள் மகிழ்கின்றன, கடல் முழங்குகிறது, மரங்கள் கெம்பீரிக்கின்றன. பேதுருவும் அதே அதிகாரத்தின் ஒன்பதாம் வசனத்தில், ஒருவரும் கெட்டுப்போகாமல் எல்லாரும் மனந்திரும்ப வேண்டுமென்று அவர் பொறுமையாயிருப்பதே தாமதத்தின் காரணம் என்கிறார்.

உப்புவெளி வாசகி:
எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு லூக்கா 13ஐயும் வலையின் உவமையையும் மாமியாருக்கு வாசித்தேன். வலையின் பகுதியை இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார். "தம்பியும் கரைவலை இழுத்தவன்தான்" என்றார். நிலாவெளி சொன்ன சங்கீதத்தை இந்த ஞாயிறு வாசிக்க எடுத்து வைத்திருக்கிறேன்.