பொருள்: கடிகார ‘ஷாஃப்ட்’டுக்கு ‘மரைக்குழல்’ எனும் பெயர்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

குவார்ட்ஸ் கடிகார இயந்திரத்தின் முகப்பில் துருத்தி நிற்கும், கடைகளில் ‘ஷாஃப்ட்’ எனப்படும் உறுப்புக்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் உரையாடலில் ‘அச்சு’, ‘தண்டு’ என்று முன்மொழியப்பட்ட இரண்டு பெயர்களையும், வேலூரில் என் வீட்டில் 18 மி.மீ. தடிமனுள்ள தேக்குப் பலகையைக் கொண்டு ஒரு சுவர்க்கடிகாரம் செய்து முடித்த பின்னர், என்னால் ஏற்க இயலவில்லை.

அவ்வுறுப்பு, வெளிப்புறத்தில் மரை (நட்டு ஏறும் திருகுப் புரி) வெட்டப்பட்டு, இயந்திரப் பெட்டியோடு பிணைந்து அசையாமல் நிற்கும் ஒரு குழல். அதற்குள் மணிமுள்ளைத் தாங்கும் சிறுகுழலும், அதனுள் நிமிடமுள்ளைத் தாங்குவதும், நடுவே நொடிமுள்ளின் ஊசியுமாக ஒன்றினுள் ஒன்று சுழல்கின்றன. மாட்டுவண்டியின் அச்சும் அசையாததே; ஆயினும் சக்கரம் அதற்கு வெளியே சுழல, இங்கே சுழல்வன எல்லாம் உள்ளே சுழல்கின்றன. ‘தண்டு’ என்றாலோ, ‘சுழல்தண்டு’ என்னும் வழக்கினால், அவ்வுறுப்பே சுழல்வதாக எண்ணத் தோன்றும்.

பெயர் தெளிவாக இல்லாததால் நேர்ந்த இடரையும் சொல்ல வேண்டும். கடையில் ‘20 மி.மீ. ஷாஃப்ட்’ என்று கேட்டு வாங்கினேன். கிடைத்ததும் 20 மி.மீ.தான், ஆனால் அது ஊசி நுனிவரை அளந்த முழு உயரம், மரையுள்ள பகுதி 14 மி.மீ. மட்டுமே. பலகையைக் கடந்து நட்டு பிடிக்க வழியில்லாமற் போகவே, ஏறத்தாழ 56 மி.மீ. சதுரமான அந்தப் பெட்டி உள்ளே அமரும்படி, பலகையின் பின்புறத்தை 8 மி.மீ. ஆழத்துக்கு உளியால் குடைந்தேன். தேக்கு ஆனதால் பொறுமையாக உளி வைத்தால் விளிம்பு சிதறாமல் வந்தது.

ஆகவே ‘மரைக்குழல்’ என்னும் பெயரை முன்வைக்கிறேன். ‘மரை தேய்ந்துவிட்டது’ என்பது பட்டறைகளில் நாள்தோறும் கேட்கும் பேச்சு. புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. ‘மரைநீளம்’, ‘முழுநீளம்’ என்று இரண்டு அளவுகளையும் பிரித்துக் கேட்கவும் இது வழிசெய்கிறது. நட்டையும் மரை என்பதால் குழப்பம் வரும் என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். அது நியாயமான ஐயமே. எனினும் ‘குழல்’ சேர்ந்தவுடன் பொருள் பிரிந்துவிடுகிறது, நட்டை நட்டு என்றே வைத்துக்கொள்ளலாம்.

உள்ளே இருப்பவற்றுக்கு ‘மணிக்குழல்’, ‘நிமிடக்குழல்’, ‘நொடியூசி’ எனப் பெயரிட எண்ணுகிறேன். இவற்றுள் ‘நிமிடக்குழல்’ மட்டும் எனக்கு முழு நிறைவளிக்கவில்லை. நொடிமுள் இல்லாத இயந்திரங்கள் சிலவற்றில் அது உள்ளீடற்ற குழலாக இராமல் கெட்டியாகவே இருக்கும். அதற்கும் பொருந்தும் சொல்லைத் தச்சரோ கடிகாரம் பழுதுபார்ப்பவரோ வழங்கக் கேட்டவர்கள் எழுத வேண்டுகிறேன்.