மெத எல பாலம்: வயதை எப்படிக் கண்டுபிடிப்பது?

மலைமுகடு:
கண்டி ஏரியின் மிகைநீர் மெத எல வழியாக, வில்லியம் கோபல்லாவ மாவத்தையை ஒட்டி ஓடி, கெட்டம்பேயில் மகாவலியோடு சேருகிறதல்லவா? இதைக் கடக்கும் சின்ன வீதிப் பாலம் ஒன்றைப் பற்றி ஊர் மலருக்கு எழுதவேண்டும். கைப்பிடிச் சுவரில் ஆண்டு இல்லை. "ராஜா கட்டின பாலம்" என்கிறார்கள். நம்பலாமா? எங்கே தேடுவது?

கல்தச்சன்:
ராஜாவுக்குச் சேருவது ஏரிதான். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அதை 1807இல் கட்டுவித்தான். 1815இல் இராச்சியமே போய்விட்டது. கொழும்பு–கண்டி வண்டிப்பாதை அதன் பிறகு, ஆளுநர் பார்ன்ஸ் காலத்து வேலை. பேராதனையில் மகாவலிக்கு மேலே 205 அடி நீளத்துக்கு ஒரே வளைவாக முதிரை மரப்பாலம் எழுந்தது 1833இல். 1905இல் அதையும் எடுத்துவிட்டு இரும்புப் பாலம் போட்டார்கள். கண்டிக்கு ரயில் வந்தது 1867. ஆகவே இரும்பு உத்தரமோ கொங்கிறீற்றோ இருக்கும் மேல்தளத்தை ராஜா கணக்கில் எழுதாதீர்கள்.

கைப்பிடிச் சுவரை விடுங்கள், லொறி இடித்து எத்தனை தரம் மாற்றினார்களோ! கீழே இறங்கிப் பாருங்கள். கரைச்சுவர் கருங்கல்லா? மேற்பூச்சுச் சீமெந்தாக இருந்தாலும் பெயர்ந்த இடத்தில், இணைப்பின் உள்ளே ஆணியால் சுரண்டுங்கள். வெள்ளைக் கட்டிகளோடு உதிர்ந்தால் சுண்ணாம்புச் சாந்து, பழைய கட்டாக இருக்கலாம். இரும்பு உத்தரமென்றால் அதன் நிமிர்ந்த நடுத்தகட்டில், அதை உருட்டிச் செய்த உருக்காலையின் பெயர் புடைப்பெழுத்தில் இருக்கலாம். 'டோர்மன் லோங்' போன்ற இங்கிலாந்து ஆலைகளின் பெயர்கள். துருவைக் கம்பித் தூரிகையால் மெல்லத் தேய்த்து, பக்கவாட்டில் டோர்ச் அடித்தால் எழுத்து தெரியும். கொங்கிறீற்றின் அடியில், வார்க்கும்போது அடித்த பலகையின் தடம் வரிவரியாக இருந்தால் பழைய வேலையாக இருக்கலாம். வழவழவென்றிருந்தால் பெரும்பாலும் பிந்தியது. நீளவாட்டில் ஓர் இணைப்புக் கோடும் நீர்க்கசிவும் இருந்தால் பிறகு அகலப்படுத்தியிருக்கிறார்கள். அப்போது ஒரே பாலத்துக்கு இரண்டு வயது.

வீதிக்காரன்:
பாலத்தில் பெயின்டால் 5/2 மாதிரி இலக்கம் இருக்கிறதா பாருங்கள். எந்தக் கிலோமீற்றரில் எத்தனையாவது அமைப்பு என்பதுதான் அது. பழைய ஆவணங்கள் மைல் கணக்கில் இருக்கும், அதே இலக்கத்தைத் தேடி ஏமாறாதீர்கள். ஏ, பி தர வீதியென்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை, சி, டி என்றால் மாகாணத் திணைக்களம், ஒழுங்கையென்றால் மாநகர சபை. கொழும்பு தேசிய சுவடிகள் திணைக்களத்தில் அந்நாளில் வீதிகளையும் பாலங்களையும் பார்த்த பொது வேலைத் திணைக்களத்தின் வருடாந்த நிர்வாக அறிக்கைகளைக் கேளுங்கள். ஒரு மைலை ஓரங்குலமாகக் காட்டும் பழைய வரைபடத்தில் பாலம் இருந்தால் அந்த இடத்தில் கடவை இருந்தது என்று மட்டும்தான் பொருள், இதே பாலம் என்றல்ல.

கங்கைக்கரை:
இறங்குவதற்கு மாசி, பங்குனி நல்லது. நகரத்துக் கழிவு வருகிற வாய்க்கால், பூட்ஸும் கையுறையும் கட்டாயம். மேலே மழை இருட்டினால் உடனே ஏறிவிடுங்கள், நீர் சட்டென்று உயரும்.

வந்த கையோடு கரைச்சுவரின் அடியையும் பாருங்கள். அலவாங்கை அடிநெடுகக் குத்திப் பார்த்தால் ஓரிடத்தில் மட்டும் கல்லுக்குக் கீழே ஆழமாக இறங்கும். அது நீர் அரித்த பொந்து, மேலே சேறு மூடியதால் கண்ணுக்குத் தெரியாது. உத்தரத்தில் தொங்கும் தண்ணீர்க் குழாயில் பிளாஸ்டிக் சிக்கி வழி குறுகினால் மிஞ்சிய இடுக்கில் நீர் வேகமெடுத்து அரிப்பும் அங்கேதான் கூடும். சுவரின் வடிதுளைகள் அடைத்திருந்தால் பின்மண் ஊறிச் சுவரைத் தள்ளும். கல்லிடுக்கில் அரசமரக் கன்று நின்றால் பிடுங்கவேண்டாம், வேரோடு கல்லும் வந்துவிடும். படமெடுத்து, இலக்கத்தோடு மேலே சொன்ன அலுவலகத்துக்கே எழுதுங்கள்.